பொது நிர்வாகம், பொதுக்கொள்கையில் முதுகலை: வடசென்னையிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நுழைவுத் தேர்வில் எனக்கு வந்த மதிப்பெண்ணுக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் இடம் கிடைத்திருந்தது. என் கையில் இருந்த ஓபிசி சான்றிதழ் பிப்ரவரியில் வாங்கியது. சேர்க்கையில் கேட்டதோ ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியது. ஓடிப்போய்ப் புதிதாக விண்ணப்பித்தேன், சான்றிதழ் வர ஒன்பது நாள் ஆனது. அவர்கள் கொடுத்த அவகாசம் மூன்று நாள். பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே என் மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் போயிற்று.

மறு வருடம் சேப்பாக்கம் வளாகத்தில் எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவர்களிடம் போய் ‘மைக்ரேஷன் சர்டிபிகேட்’ என்றால் என்ன சொல்வார்கள்? தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல யூடியூபில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எந்தத் தாளை எப்போது, எங்கே வாங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை. அதனால் இதில் பெரும்பகுதி தாள்களைப் பற்றித்தான்.

1. இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொது நிர்வாகம் என்பது அரசு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்கிற படிப்பு. பணியாளர், வரவு செலவு, உள்ளாட்சி, நிர்வாகச் சட்டம் எல்லாம் வரும். பொதுக்கொள்கை என்பது ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், வேறு வழி இருந்ததா என்று பார்க்கிற படிப்பு. இதில் பொருளாதாரமும் புள்ளியியலும் கூடுதலாக இருக்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் குப்பை எந்த மண்டலத்திலிருந்து, யார் பொறுப்பில், எந்த ஒப்பந்தத்தில் வருகிறது என்று கேட்டால் அது நிர்வாகம். அந்தக் குப்பையை எரிப்பதா, வீட்டிலேயே பிரிப்பதா, யார் ஊரில் எரிப்பது என்று கேட்டால் அது கொள்கை.

டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பொது நிர்வாகம் நேரடியாக உதவும். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் அது ஒரு விருப்பப் பாடமும்கூட. ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம், அரசின் புத்தாய்வுத் திட்டங்கள் (ஃபெலோஷிப்) என்று யோசித்தால் பொதுக்கொள்கை. எங்களைப் போல பி.ஏ., பி.காம். முடித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு கலை, அறிவியல் பட்டதாரிகளிடம் முதல் வகுப்பில் முதுகலை கேட்கிறார்கள். அதனால் எம்.ஏ.வில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பது பெரும்பாலும் தடையாக இருக்காது. நான் படித்தது வரலாறு. என் வகுப்பில் வேதியியல், பி.சி.ஏ. படித்தவர்களும் இருக்கிறார்கள்.

2. எங்கெங்கே விண்ணப்பிக்கலாம்

ஒரே இடத்தை நம்பி உட்காராதீர்கள். குறைந்தது மூன்று வழியில் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம், கட்டணமும் தாங்கக்கூடியது. விண்ணப்பம் பல்கலைக்கழக இணையதளத்தில்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே இணையதளம், டிஎன்காசா. நான் பார்த்தபோது விண்ணப்பக் கட்டணம் 58 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். எந்தக் கல்லூரியில் எந்த முதுகலை இருக்கிறது என்பதை அந்தத் தளத்தின் பட்டியலில் பாருங்கள். ‘அந்த காலேஜ்ல இருக்குதாம்’ என்று யாராவது சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி தேர்வு. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. கணினியில் எழுத வேண்டும். 75 வினா, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். மொழிப் பாடங்கள் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழ்வழியில் படித்தவர்கள் இதை மனதில் வைத்துத் தயாராகுங்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஹைதராபாத் வளாகத்தில் பொதுக்கொள்கை, ஆளுகையில் எம்.ஏ. இருக்கிறது. நான் பார்த்த வருடம் அதற்கும் க்யூட் மதிப்பெண் வேண்டும், அதற்கு மேல் அவர்களே நடத்தும் தேர்வும் நேர்காணலும் உண்டு.

பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் இரண்டு வருடப் பொதுக்கொள்கைப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு. கட்டுரை வினாக்களும் வரும். கட்டணம் லட்சக்கணக்கில். உதவித்தொகைக்கும் கடனுக்கும் வழி பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ இரண்டிலும் பொது நிர்வாகம் உண்டு. தொலைநிலையில் வாங்கிய பட்டம் செல்லாது என்று பயமுறுத்துவார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற படிப்பென்றால் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் யுஜிசியே அறிவித்துவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டுதான். அந்தப் படிப்பு அந்த வருடத்து அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, சேரும் முன் உங்கள் டெப் ஐடியை (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் வாங்கும் மாணவர் எண்) உருவாக்கிவிட்டீர்களா. ‘நாங்களே எல்லாம் பார்த்துக்கறோம்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் மையங்களில் சேராதீர்கள். பல்கலைக்கழகத் தளத்திலேயே நேராகக் கட்டுங்கள்.

3. பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

சான்றிதழ்களுக்குப் போகும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘வாணி எம்.’, ஆதாரில் ‘எம். வாணி’, வங்கிக் கணக்கில் ‘வாணி முனுசாமி’. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ‘முனுசாமி’, ஆதாரில் ‘முனிசாமி’. மனிதர்கள் பார்த்தால் புரிந்துகொள்வார்கள், கணினி புரிந்துகொள்ளாது. உதவித்தொகை நிற்பதும் பல நேரம் இதனால்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஒரு எழுத்து தவறாகிவிட்டால் பிறகு அலைச்சல். மையத்தில் ஒப்புகைச் சீட்டு தரும்போது அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

4. சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ்: பள்ளியில் வாங்கிய பழைய அட்டை வடிவம் இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து மின்னணுச் சான்றிதழாக வாங்கிக்கொள்ளுங்கள். க்யூஆர் கோடு உள்ளதைத்தான் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்.

ஓபிசி சான்றிதழ்: நான் ஒரு வருடத்தைத் தொலைத்தது இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநில நிறுவனங்களுக்குத்தான். மத்திய நிறுவனங்களுக்கு ‘ஓபிசி – கிரீமி லேயர் அல்லாதவர்’, அதாவது வசதி படைத்த பிரிவில் வராதவர் என்கிற சான்றிதழ் தனியாக வேண்டும். பிசியாக இருந்தாலும் எம்பிசியாக இருந்தாலும், உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய், அதைக் கணக்கிடும் முறை தனி. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அதில் சேராது. இதைத் தெரியாமல் தமக்குக் கிடைக்காது என்று விட்டவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள்.

தேதிதான் பொறி. விண்ணப்பம் போடுவது டிசம்பர், ஜனவரியில். அப்போது ஒரு சான்றிதழ் வாங்கிப் பதிவேற்றுவோம். சேர்க்கை நடப்பது ஜூன், ஜூலையில். இடையில் ஏப்ரல் 1 வந்துவிடுகிறது, நிதியாண்டு மாறிவிடுகிறது. பழைய சான்றிதழைக் காட்டினால் ‘நடப்பு ஆண்டுச் சான்றிதழ் எங்கே’ என்பார்கள். நான் இரண்டாம் முறை போனபோது இ-சேவை மையத்தில் இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வியே, “எந்த வருஷத்துக்கும்மா? ஏப்ரலுக்கு அப்புறம் இன்னொண்ணு வாங்கணுமே, தெரியுமா?” என்பதுதான். அந்த ஒரு கேள்வியை முந்தின வருடம் யாராவது கேட்டிருக்கலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொன்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 60 ரூபாய் செலவு.

வருமானச் சான்றிதழ்: உதவித்தொகைக்குத் தேவை. பழையது செல்லாது, சேரும் வருடத்தில் புதிதாக வாங்குங்கள். மீன்பிடித் தொழில், சுமைத் தொழில், வீட்டுவேலை என்று சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்களில் குடும்ப அட்டையும் ஒரு உறுதிமொழியும் வைத்து விண்ணப்பிக்கலாம். வருவாய் ஆய்வாளர் விசாரிப்பார். அவர் கூப்பிடும்போது போனை எடுக்க வேண்டும். என் விண்ணப்பம் ஒருமுறை நின்றது, தெரியாத எண்ணென்று அப்பா போனை எடுக்காததால்தான். உங்கள் எண்ணையே கொடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் வட்டம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் சென்னை மாவட்ட வட்டங்கள். எண்ணூர் தாண்டி மீஞ்சூர் போனால் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். சமீபத்தில் வீடு மாறியவர்கள் குடும்ப அட்டை, ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பம் இந்த வட்டத்துக்கும் அந்த வட்டத்துக்கும் பந்தாடப்படும்.

கல்லூரித் தாள்கள்: எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து வேறு பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழும் (மைக்ரேஷன் சர்டிபிகேட்). தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான பிஎஸ்டிஎம் சான்றிதழைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்குங்கள். டிஎன்பிஎஸ்சியில் 20 விழுக்காடு முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்பதால், படித்த பள்ளிகளிலும் வாங்கி வைக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு வருடம் சும்மா இருந்திருந்தால் அதற்கு விளக்கம் கேட்கலாம். நான் முத்திரைப் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம். அந்தச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புச் சேர்க்கைக்கானது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் இளநிலையோடு முடிந்துவிடும். முதுகலைச் செலவுக் கணக்கில் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

5. எந்த மாதம் என்ன

தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும், வரிசை மாறுவதில்லை. இளநிலை இறுதியாண்டு தீபாவளி முடிந்ததும் பெயர் திருத்தங்கள். டிசம்பர், ஜனவரியில் க்யூட் விண்ணப்பம். மார்ச் வாக்கில் தேர்வு. ஏப்ரல் முதல் வாரம் புதிய ஓபிசி சான்றிதழ். கோடையில் சேப்பாக்கம் விண்ணப்பம். இளநிலை முடிவு வந்தபின் டிஎன்காசா.

க்யூட் விண்ணப்பத்தில் எந்தத் தாளை எழுத வேண்டும் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பெயருள்ள படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகம் அரசியல் அறிவியல் தாளைக் கேட்கும், இன்னொன்று பொதுத் தாளைக் கேட்கும். முதலில் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பார்த்துத் தாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் படிவத்தைத் திறங்கள். இன்னொன்று: க்யூட் எழுதினால் மட்டும் போதாது. முடிவு வந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இதைத் தெரியாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

6. செலவு

சேருவதற்கு முன்பே ஆகும் செலவை யாரும் சொல்வதில்லை. இ-சேவையில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். நான்கு வாங்கினால் 240. க்யூட் கட்டணம் 2025இல் இரண்டு தாள்வரை பொதுப் பிரிவுக்கு 1,400, ஓபிசிக்கு 1,200, எஸ்சி, எஸ்டிக்கு 1,100. அப்புறம் நகல், புகைப்படம், தபால், நோட்டரி, போய்வரும் செலவு. எனக்கு எல்லாம் சேர்த்து நாலாயிரத்தைத் தொட்டது. அது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பாவுக்கு வேலை கிடையாது. சேர்க்கைக் கட்டணமும் அதை ஒட்டியே வந்து நிற்கும். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் பொங்கல் முடிந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

இடத்தை உறுதிசெய்யப் பணம் கட்டிவிட்டு வேறு இடம் கிடைத்தால், யுஜிசி விதிப்படி கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். எத்தனை நாளுக்குள் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

7. நோக்க அறிக்கையும் நேர்காணலும்

பொதுக்கொள்கைப் படிப்புகளில் ‘ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்’ என்று நோக்க அறிக்கை (எஸ்ஓபி) கேட்பார்கள். என் முதல் எஸ்ஓபியில் நாட்டுக்குச் சேவை, ஏழைகளின் கண்ணீர் என்று எழுதியிருந்தேன். ஊரில் எல்லோரும் எழுதுவது அதுதான். இரண்டாவது வருடம் வேறு மாதிரி எழுதினேன்.

தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்தினார்கள். எங்கள் வீட்டுக்கும் அது வருகிறது. ஆனால் படகு ஓடாவிட்டால் நிற்பது அப்பாவின் வேலை மட்டுமில்லை. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், வலை பின்னுகிறவர், அம்மாவோடு ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பக்கத்து வீட்டு ஆயா, இவர்கள் எல்லோருக்கும் அதே 61 நாள்தான். அவர்களை எந்தப் பட்டியலில் வைப்பது? யார் கணக்கெடுப்பது? ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தால்? இதைத்தான் எழுதினேன். எழுதும் முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுச் சில எண்களைக் கேட்டு வாங்கினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நேர்காணலில் முதல் கேள்வியே, “நீங்கள் அந்த அதிகாரியாக இருந்தால் பட்டியலை எப்படி எடுப்பீர்கள்?” இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் வெளியே தேட வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகத்தின் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு ஆற்றில் பரவிய எண்ணெய், மணலி காற்று, லாரிகளால் நகராத சாலை. உங்கள் வீட்டைத் தொட்ட ஒன்றை எடுங்கள். புகாராக எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள்.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த துறை ஒன்றை முதலில் தமிழில் படியுங்கள், அப்புறம் அதே பக்கத்தை ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த எனக்கு இந்தத் துறையின் ஆங்கிலம் இப்படித்தான் பழகியது.

8. சேர்க்கை நாள்

அசல் ஒரு கோப்பு, சுய ஒப்பமிட்ட நகல் மூன்று செட், எல்லாவற்றின் பிடிஎஃப் போனிலும் டிஜிலாக்கரிலும். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தாங்களே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி அறிவுறுத்தல். மாற்றுச் சான்றிதழ் மட்டும் அவர்களிடம் போகும். அதைக் கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள்.

9. முதல் மாதத்துக்குள்

உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். பிசி, எம்பிசி மாணவர்களுக்கும் முதுகலைக்கு உதவித்தொகை உண்டு. யூமிஸ் எண்ணை (உயர்கல்வி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பதிவு எண்) கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இரண்டு மூன்று கணக்கு வைத்திருந்தால் கடைசியாக எதில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குப் போகும். என் முதல் தவணை, கொரோனா சமயத்தில் அம்மா திறந்து கொடுத்து நான் மறந்தே போயிருந்த ஒரு கணக்கில் கிடந்தது. ஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சேப்பாக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வழி. மெட்ரோவில் விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எங்கே ஏறினாலும் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து வேளச்சேரி வண்டியில் சேப்பாக்கம். மாணவர் சீசன் டிக்கெட்டுக்குக் கல்லூரியில் கையெழுத்து வாங்கிய படிவம் வேண்டும், அதை அடையாள அட்டை தரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வண்டிகளில் பல சென்ட்ரலுக்குத்தான் போகும். கடற்கரை வண்டியின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள், காலை ஒன்பதரை வகுப்புக்கு நான் திருவொற்றியூரில் எட்டு மணிக்கே நிற்கிறேன்.